பகைவனின் நஞ்சே கவசமாகும் போது: கலப்புத் தொற்றில் இரண்டு பாக்டீரியாக்கள்

(திரையில்: ஆய்வக அறிக்கை. இரண்டு பாக்டீரியாக்களின் பெயர்கள், எதிரே மருந்துகளின் பட்டியல்.)

ஆறாத கால் புண்ணிலிருந்து எடுத்த சீழைக் கல்ச்சர் செய்தால், ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் சேர்ந்தே வளர்வது அடிக்கடி காணப்படுகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயுள்ளவர்களின் நுரையீரலிலும் இதே இணை உண்டு. ஆய்வகம் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படும் என்று சோதிக்கிறது. ஆனால் உடலுக்குள் அவை தனித்தனியாக இல்லை.

(திரையில்: பெட்ரி தட்டு. பச்சை படர்ந்த சூடோமோனாஸ், அதன் ஓரத்தில் வெறுமை.)

ஒரே தட்டில் அருகருகே வளர்த்தால் சூடோமோனாஸ் ஸ்டஃபிலோகாக்கஸைக் கொன்றுவிடுகிறது. அது சுரக்கும் லாஸ்-ஏ என்ற நொதி, ஸ்டஃபிலோகாக்கஸின் செல் சுவரைப் பிணைத்து வைத்திருக்கும் கிளைசின் பாலங்களை வெட்டுகிறது. உடைந்த செல்லிலிருந்து கசியும் இரும்பையும் சூடோமோனாஸ் தனக்கு எடுத்துக்கொள்கிறது. அப்படியிருந்தும் நாட்பட்ட புண்களில் இரண்டும் பல காலம் உயிரோடிருக்கின்றன. புண்ணில் ஊறும் ஆல்புமின் புரதம், சூடோமோனாஸ் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் வேதிச் செய்திகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நஞ்சின் உற்பத்தி குறைகிறது என்பது ஒரு காரணம். இடமும் வேறுபடுகிறது: ஸ்டஃபிலோகாக்கஸ் புண்ணின் மேற்பரப்பை ஒட்டியும், சூடோமோனாஸ் ஆழத்திலும் திரள்கின்றன.

(திரையில்: ஸ்டஃபிலோகாக்கஸ் செல்லின் சவ்வு, பெரிதாக்கப்பட்டு.)

மிக முக்கியமானது எச்.க்யூ.என்.ஓ என்ற மூலக்கூறு. சூடோமோனாஸ் வெளியிடும் இது, ஸ்டஃபிலோகாக்கஸின் சவ்வில் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் சுவாசச் சங்கிலியைத் தடுக்கிறது. ஸ்டஃபிலோகாக்கஸ் சாவதில்லை, நொதித்தலுக்கு மாறி, குறைந்த ஆற்றலில் மெல்ல வளர்கிறது. ஜென்டாமைசின், டோப்ராமைசின் போன்ற அமினோகிளைகோசைடு மருந்துகள் செல்லுக்குள் நுழைவதற்குச் சவ்வின் இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு தேவை. சுவாசம் நின்றால் அது சரிந்துவிடுகிறது, மருந்து வாசலிலேயே நின்றுவிடுகிறது. எச்.க்யூ.என்.ஓ வகைச் சேர்மங்கள், அமினோகிளைகோசைடு மருந்தான டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசினின் வேலையைக் கெடுப்பது 1950-களிலேயே தெரிந்திருந்தது. நீண்ட காலம் எச்.க்யூ.என்.ஓ-வில் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸில், இந்த மந்த வளர்ச்சி மரபணு மாற்றத்தால் நிலைபெற்ற 'சிறு காலனி' வகைகள் தேர்ந்தெடுக்கப்படுவதை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது.

(திரையில்: இரத்த அகார் தட்டு. ஊசிமுனை அளவு புள்ளிகள்.)

நிறமற்ற இந்தப் புள்ளிகள்தான் அந்தச் 'சிறு காலனிகள்'. இவை கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். மறுநாளே தட்டைப் பார்த்துவிட்டு எடுத்து வைத்தால், அதிலும் சூடோமோனாஸ் தட்டெங்கும் படர்ந்திருந்தால், இவை தவறிப்போகின்றன. அறிக்கையில் இடம்பெறாத இந்த ஸ்டஃபிலோகாக்கஸ்தான், சூடோமோனாஸுக்காகக் கொடுக்கப்படும் டோப்ராமைசினையும் தாக்குப்பிடித்து நிற்கிறது.

ஆயினும் எல்லாச் சூடோமோனாஸும் இப்படிக் காப்பாற்றுவதில்லை. சில திரிபுகள் மிகுதியாகச் சுரக்கும், சோப்பு போன்று செயல்படும் ராம்னோலிப்பிடுகள் ஸ்டஃபிலோகாக்கஸின் சவ்வைத் தளர்த்தி, அதே டோப்ராமைசினை உள்ளே விட்டுவிடுகின்றன. ஆகவே இரண்டு நோயாளிகளின் அறிக்கையில் அதே இரண்டு பெயர்கள் இருந்தாலும், ஒருவருக்கு மருந்து வேலை செய்து மற்றவருக்குச் செய்யாமல் போகக்கூடும்.