பாடநூலில் நமக்கு எத்தனை பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம்.

வரலாற்றுப் பாடநூலைப் பற்றிய பேச்சு பினாங்கில் எழுந்தாலும் கோலாலம்பூரில் எழுந்தாலும், மலேசியத் தமிழர்களான நம்மவர்கள் முதலில் கேட்பது "நமக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்?" என்பதுதான். அது நியாயமான கேள்வியே. ஆயினும், அந்தப் பக்கங்களைப் பிள்ளைகள் எவ்வாறு படிக்கிறார்கள் என்பதை நாம் கேட்பதில்லை. வரலாற்றாசிரியராக இருந்த எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

ஆங்கிலேயர் காலத்துப் பள்ளிகளில் பிரிட்டிஷ் பேரரசின் கதையே வரலாறாக இருந்தது. 1956ஆம் ஆண்டின் ரசாக் கல்வி அறிக்கை எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் வேண்டுமென்றது. இந்நாட்டை மையமாகக் கொண்ட வரலாறு அதன் பின்னரே வேரூன்றியது. 1989இல் அது இடைநிலைப்பள்ளியின் கட்டாயப் பாடமாயிற்று. 2013 முதல் அதில் தேர்ச்சி பெறாதவருக்கு இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை என்றானது. அடுத்த ஆண்டே தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டுக்கும் அப்பாடம் வந்தது. பாடத்தின் மதிப்பு ஏற ஏற, மனனமும் ஏறியது என்றே நான் சொல்வேன்.

மூன்றாம் படிவத்தில் பி.எம்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், வட்டார வரலாற்றை விசாரித்து எழுதும் ஃபோலியோ எனும் ஆய்வுத் தொகுப்பு ஒன்று இருந்தது. பலர் அண்ணனோ அக்காளோ எழுதியதைப் பார்த்து எழுதினார்கள். அது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு மாணவி மட்டும், ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து, சயாமையும் பர்மாவையும் இணைக்கப் போடப்பட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தன் தாத்தாவிடம் கேட்டு எழுதி வந்தாள். எந்த ஆண்டு என்று அவருக்கு நினைவில்லை. "மழை பிடித்ததும் காலரா வந்தது" என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வகுப்பே ஆராய்ச்சியில் இறங்கியது. 1942இல் தொடங்கி 1943இல் முடிந்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில், பருவமழையோடு காலரா பரவியது 1943இல் என்று கண்டுபிடித்தார்கள். போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருக்க, நம் தொழிலாளர்களில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்கு ஏன் உறுதியான கணக்கில்லை என்று ஒருவன் கேட்டான். அதுதான் வரலாற்றுக் கேள்வி. மீண்டும் சொல்கிறேன், அதுதான் வரலாற்றுக் கேள்வி. அதற்கு மதிப்பெண் கிடையாது.

நேரம் நெருங்குவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. நம்மவர்கள் பாடநூலில் தேடும் இன்னொன்றான கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, சுருக்கமாகவே சொல்ல முடியும். 1025இல் இராசேந்திர சோழன் நடத்திய படையெடுப்பைத் தஞ்சைக் கல்வெட்டு கூறுகிறது. ஆனால் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைக்கும் தொல்பொருள்களையெல்லாம் சோழர் கணக்கில் எழுதிவிடும் நம் மேடைப் பேச்சாளர்கள், அங்கே சோழருக்கு நூற்றாண்டுகள் முந்திய பௌத்தச் சான்றுகளும் உள்ளன என்பதை மறந்துவிடுகிறார்கள். பினாங்கிலிருந்து பாலம் கடந்தால் அப்பள்ளத்தாக்கின் மெர்போக் அருங்காட்சியகம் அதிகத் தொலைவில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். விளக்கத்தை அவர்களே படிக்கட்டும், நாம் குறுக்கிட வேண்டாம்.

நன்றி, வணக்கம்.