எழுந்து நின்ற மார்ஷல்

அவையோருக்கு வணக்கம்.

2015 ஜூலை 28. டெல்லி பாலம் விமான நிலையம். முந்தைய நாள் ஷில்லாங்கில் மறைந்த அப்துல் கலாமின் உடல் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. தலைவர்களும் தளபதிகளும் வந்து அஞ்சலி செலுத்துகிறார்கள். நடுவே ஒரு சக்கர நாற்காலி வருகிறது. அதில் இருப்பவருக்கு வயது 96. உட்கார்ந்தபடியே கையை உயர்த்தியிருந்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? அவர் எழுந்துவிட்டார். தள்ளாமையை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று சல்யூட் வைத்தார்.

அவர்தான் விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அவர் யார் என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தச் சல்யூட்டின் கனம் கூடிக்கொண்டே போனது. கலாம் இளமையில் விமானியாக ஆசைப்பட்டு டேராடூனுக்குத் தேர்வுக்குப் போனவர். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. மனம் உடைந்து திரும்பினார். அப்படி விமானப்படையின் வாசலோடு திரும்பிய ராமேஸ்வரத்துப் பிள்ளைக்குத்தான், அதே படையின் ஆக மூத்தவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

இனி அந்த மூத்தவரைப் பற்றி.

1919 ஏப்ரல் 15 அன்று, இன்று பாகிஸ்தானில் இருக்கும் லியால்பூர் பகுதியில் பிறந்தார். தந்தை, பாட்டனார் எல்லோரும் குதிரைப்படைக்காரர்கள். இவர் குதிரையை விட்டுவிட்டு வானத்துக்குப் போனார். 19 வயதில் இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்குத் தேர்வானார். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், இம்பால் போர்முனையில் ஒன்றாம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவை நடத்தினார். அங்கேதான் வீரத்துக்கான பறக்கும் சிலுவைப் பதக்கம், டி.எஃப்.சி., அவருக்குக் கிடைத்தது.

பதக்கம் வாங்கிய மறு ஆண்டே விசாரணையில் நின்றார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கண்ணூரில் வீடுகளுக்கு மேலே விமானத்தைத் தாழ ஓட்டினாராம். கூரை அதிர்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ராணுவ நீதி விசாரணை வரைக்கும் போய்விட்டது. போர் விமானி எவனுக்கும் இந்த வித்தை கைவந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். சிலைகளுக்கு மாலை போட்டுப் போட்டு, பெரிய மனிதர்களுக்கும் இருபத்தைந்து வயது ஒன்று இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இரண்டே ஆண்டில், 1947 ஆகஸ்ட் 15 அன்று, டெல்லி வானில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களின் அணிவகுப்புக்குத் தலைமை தாங்கிப் பறந்தவரும் இதே மனிதர்தான்.

45 வயதில் விமானப்படைத் தளபதி ஆனார். அடுத்த ஆண்டே போர். 1965 செப்டம்பர் 1, பாகிஸ்தானின் டாங்கிகள் ஜம்முவின் அக்னூரைக் குறிவைத்துச் சம்ப் பகுதிக்குள் நுழைந்துவிட்டன. பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி.சவான் அழைத்து, விமானப்படை கிளம்ப எவ்வளவு நேரமாகும் என்று கேட்கிறார். ஒரு மணி நேரம் என்பது பதில். அன்று மாலையே பதான்கோட்டிலிருந்து விமானங்கள் கிளம்பிவிட்டன. இந்த இடத்தில் கைதட்டிவிட்டுப் போய்விடுவது வழக்கம். நான் அப்படிப் போக விரும்பவில்லை. அன்று போன வாம்பயர் விமானங்களில் நான்கு திரும்பவில்லை. அவை காலம் கடந்த பழைய விமானங்கள். எதிரே இருந்தவை பாகிஸ்தானின் நவீன சேபர் ஜெட்டுகள். ஒரு மணி நேரம் என்று சொன்ன வாய்க்கு, யாரை எதில் ஏற்றி அனுப்புகிறோம் என்பது தெரியாமலா இருந்திருக்கும்? தளபதியின் வேலை அதுதான். அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் அவர் 98 வயதுவரை சுமந்தார் என்று நான் எண்ணுகிறேன்.

1969இல் ஓய்வு. பிறகு சுவிட்சர்லாந்தில் தூதர், கென்யாவில் ஹைகமிஷனர், டெல்லியில் துணைநிலை ஆளுநர் என்று பதவிகள் வந்தன, போயின. 2002இல் ஐந்து நட்சத்திரங்கள் கொண்ட ஆக உயர்ந்த மார்ஷல் தகுதி வந்தது. தரைப்படையில் அதற்கு இணையான தகுதி பெற்றவர்கள் கரியப்பா, மானெக்‌ஷா இருவர்; விமானப்படையில் இன்றுவரை இவர் ஒருவர்தான். ஐந்து நட்சத்திரத் தகுதி பெற்றவருக்கு ஓய்வு என்பதே கிடையாது. சாகும்வரை பணியில் இருப்பவராகத்தான் கணக்கு.

நட்சத்திரக் கணக்கு போதும். வீட்டுக்கு வருவோம்.

1948இல் தேஜியை மணந்தார். ஒரு மகன், இரண்டு மகள்கள். ராணுவக்காரரின் மனைவியாக வாழ்வது என்றால் என்ன என்று இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைக் கட்டு, பெட்டியைப் பிரி, பிள்ளைக்குப் புதுப் பள்ளி பார். 1965இன் அந்த மாலையில் அவர் சொன்ன ஒரு மணி நேரத்தை வரலாறு குறித்துவைத்துக்கொண்டது. அந்த வீட்டின் இரவுகளை யாரும் குறித்துவைக்கவில்லை.

மார்ஷல் குறித்துவைத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன். டெல்லிக்கு அருகே அவருக்கு ஒரு பண்ணை நிலம் இருந்தது. 85 வயதை ஒட்டி அதை விற்றார். அந்த வயதில் சொத்தை விற்றால் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரிப்பார்கள். இவர் அதிலிருந்து 2 கோடி ரூபாயை எடுத்து, ஓய்வுபெற்ற விமானப்படையினரின் நலனுக்கு ஓர் அறக்கட்டளை வைத்தார். மேலே கம்பீரமாகத் தம் பெயரை மட்டும் போட்டிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? அந்தப் பெயரில் மார்ஷலும் இருக்கிறார், திருமதி அர்ஜன் சிங்கும் இருக்கிறார்.

தேஜி 2011இல் காலமானார். அறுபத்து மூன்று ஆண்டு இல்லறம். அவர் இல்லாமல் இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தார் மார்ஷல். பாலம் விமான நிலையத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்தது அந்த ஆறு ஆண்டுகளுக்குள் ஒருநாள்தான். 2017 செப்டம்பர் 16 அன்று அவரும் போய்ச் சேர்ந்தார். அரசு மரியாதை, பீரங்கி முழக்கம், தலைக்கு மேலே விமானங்களின் அணிவகுப்பு எல்லாம் நடந்தன. அவை மார்ஷலுக்கு. அறக்கட்டளையில் மட்டும் இருவரும் ஒன்றாக இருக்கிறார்கள்.