பணம் கட்டியவருக்கு மட்டும் ஏன் இந்தப் பூட்டு?

வணக்கம். இந்த வாரம் வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவ எனக்கு மனம் வரவில்லை. முதலில் கேள்வியைப் படித்துவிடுகிறேன்.

"என் கைப்பேசியின் திரை முழு எச்டி. ஓடிடி சந்தாவும் எச்டிக்குத்தான் கட்டுகிறேன். ஆனால் படம் மங்கலாகத் தெரிகிறது. அதே சந்தாவில் என் தம்பியின் கைப்பேசியில் பளிச்சென்று இருக்கிறது. வீட்டில் புதிதாக 4கே டிவி வாங்கினோம். ஸ்ட்ரீமிங் பெட்டியைப் பழைய ஆம்ப்ளிஃபயர் வழியாக இணைத்தால் திரை கறுப்பாகிவிடுகிறது; நேராக டிவியில் செருகினால் படம் வருகிறது. ரயிலில் பார்க்கலாம் என்று பதிவிறக்கி வைத்த படமும் திரும்பி வரும்போது திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பணம் கட்டியிருக்கிறேன். நான் வாங்கிய பொருள்களில் குறையா?"

இல்லை ஐயா, உங்கள் பொருள்களில் குறை இல்லை. மூன்று தொல்லைகளுக்கும் மூலம் ஒன்றுதான். டிஆர்எம் என்று சொல்கிறோமே, படம், பாட்டு, புத்தகம் ஆகியவற்றின் மீது விற்பவர் போட்டு அனுப்பும் மின்னணுப் பூட்டு, அதுதான்.

கைப்பேசியிலிருந்து தொடங்குகிறேன். ஓடிடி நிறுவனம் படத்தை அப்படியே அனுப்புவதில்லை. சாவி இல்லாமல் பார்க்க முடியாதபடி மறையாக்கம் செய்து அனுப்புகிறது. அந்தச் சாவியை உங்கள் கைப்பேசி எங்கே வைத்துத் திறக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் படத்தின் தரம். ஆண்ட்ராய்டில் இந்த வேலையைப் பார்ப்பது வைட்வைன் என்ற பூட்டு முறை. அதை உருவாக்கிய நிறுவனத்தை 2010இல் கூகுள் வாங்கியது. அதில் எல்1, எல்2, எல்3 என்று நிலைகள் உண்டு. எல்1 கைப்பேசியில் பிராசஸருக்குள்ளேயே தனியாகப் பிரித்த ஒரு பகுதி இருக்கும். ஆண்ட்ராய்டே அதற்குள் எட்டிப்பார்க்க முடியாது. பூட்டு திறப்பதும் படம் உருவாவதும் அங்கேதான். எல்3 கைப்பேசியில் எல்லாமே சாதாரண மென்பொருளில் நடக்கிறது. விவரம் தெரிந்தவர் நடுவில் புகுந்து படத்தை எடுத்துவிடலாம். அந்தப் பயத்தில்தான் பெரும்பாலான சேவைகள் எல்3 கைப்பேசிகளுக்கு எச்டிக்குக் கீழே, 480 வரிகள் அளவிலான படத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. திரை எவ்வளவு நேர்த்தியானது, இணையம் எவ்வளவு வேகமானது, எந்தச் சந்தா என்பதெல்லாம் அங்கே செல்லாது.

விலை குறைந்த கைப்பேசிகளில்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 2017இல் வந்த ஒன்பிளஸ் 5, 5டி இரண்டும் அன்றைக்கு மிக வேகமான கைப்பேசிகளில் சேர்த்தி. இரண்டுமே எல்3 நிலையில்தான் விற்பனைக்கு வந்தன. நெட்ஃபிளிக்ஸை எச்டியில் பார்க்க முடியவில்லை. மறு ஆண்டு நிறுவனம் ஒரு தீர்வு தந்தது. கைப்பேசியை அவர்களுக்கு அனுப்பிவைத்தால் சாவியை ஏற்றித் தருவார்கள்; வழக்கமான மென்பொருள் புதுப்பிப்பில் அது வராது. 2018இல் இந்தியாவில் பரபரப்பாக விற்ற போக்கோ எஃப்1 கைப்பேசிக்கும் இதே நிலைதான். அடுத்த ஆண்டு புதுப்பிப்பில்தான் எல்1 கிடைத்தது. விளம்பரத்தில் கேமராவின் மெகாபிக்சல் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த விவரம் எந்த மூலையிலும் இருக்காது. கைப்பேசியை விமர்சனம் செய்யும் எங்களைப் போன்றவர்கள் இதைச் சொல்வது கடமை என்று நினைக்கிறேன்.

அடுத்தது கறுத்துப்போகும் திரை. எச்டிஎம்ஐ கேபிளில் ஓடும் படத்துக்கும் பூட்டு உண்டு. எச்டிசிபி என்று பெயர், உருவாக்கியது இன்டெல். பெட்டி படத்தை அனுப்புவதற்கு முன் எதிரே இருக்கும் கருவியிடம் அடையாளம் கேட்கும். 4கே படத்துக்கு அது கேட்பது எச்டிசிபி 2.2 பதிப்பு. உங்கள் பெட்டியில் அது இருக்கிறது, டிவியிலும் இருக்கிறது. நடுவில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பழையது. அதற்கு அந்தப் பதிப்பு தெரியாது. சங்கிலியில் ஒரு கண்ணி பழையதானாலும் பெட்டி படத்தை நிறுத்திவிடும், அல்லது தரத்தைக் குறைத்துவிடும். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஐயா அது! ஒலிக்கு ஒரு குறையும் இல்லை. படத்தை வழிமறித்துத் திருடும் உத்தேசமும் அதற்கு இல்லை. 2010இல் எச்டிசிபியின் பழைய பதிப்புக்கான மூலச் சாவியே இணையத்தில் வெளியாகிவிட்டது. அது உண்மையான சாவிதான் என்று இன்டெல்லும் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் தடுமாறுவது யார்? வீட்டில் ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்.

இதற்கு மாற்றுவழி இருக்கிறது; புதிய ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பெட்டியை நேராக டிவியில் செருகுங்கள். டிவியிலிருந்து ஒலியை மட்டும் ஆப்டிகல் கேபிள் வழியாகவோ, இரண்டு பக்கமும் ஏஆர்சி (டிவியின் ஒலியை அதே கேபிளில் திருப்பி அனுப்பும் வசதி) இருந்தால் எச்டிஎம்ஐ வழியாகவோ ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோங்கள். டிவியின் எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்ப வேண்டாம். சில டிவிகளில் ஒன்றிரண்டு துளைகளுக்கு மட்டும்தான் 2.2 இருக்கும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவிறக்கிய படம் திறக்காததற்குக் காரணம், படத்தோடு சேர்ந்து வந்த அனுமதியின் ஆயுள் முடிந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸில் சில படங்களுக்கு, பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் அனுமதி முடிந்துவிடும். இணையத்தில் இணைந்து புதுப்பித்தால் பெரும்பாலும் திரும்ப வரும்.

இனி, 'பணம் கட்டியும் ஏன்?' என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாப் பூட்டின் மீதும் எனக்குக் கோபம் இல்லை. மாதச் சந்தா என்பது வாடகை. வாடகை முடிந்தால் படம் போய்விடும் என்பது நியாயம். திருட்டுப் பிரதிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவும் இல்லை. ஒரு படத்தின் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். என் கோபம் வேறு இடத்தில். முழு விலை வாங்கிக்கொண்டு ஒரு பொருளை விற்றுவிட்டு, அதைத் திறக்கும் சாவியை விற்றவர் தன்னிடமே வைத்துக்கொள்கிறார் அல்லவா, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் கடையை மூடினால் நம் அலமாரியும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

இது கற்பனை இல்லை. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் கடையில் பாட்டு வாங்கியவர்களுக்கு 2008இல் ஓர் அறிவிப்பு வந்தது. அனுமதி வழங்கும் சர்வரை நிறுத்தப்போகிறோம், அதற்குப் பிறகு புதிய கணினிக்குப் பாட்டுகளை மாற்ற முடியாது என்றார்கள். பெரிய எதிர்ப்பு எழுந்த பிறகுதான் 2011 வரை நீட்டித்தார்கள். 2019இல் அதே நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய புத்தகங்கள் எல்லாம் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதை மறைக்கக் கூடாது. புத்தகத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலரும் தந்தார்கள். ஆனால் ஒரு மாணவர் வரிக்கு வரி எழுதிய குறிப்புக்கு 25 டாலர் ஈடாகுமா?

கையில் வட்டு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. டிவிடி காலத்திலேயே உலகத்தை ஆறு மண்டலங்களாக வெட்டிவைத்திருந்தார்கள். அமெரிக்கா 1, வளைகுடா நாடுகள் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, இந்தியாவும் இலங்கையும் 5. துபாயில் வேலை பார்க்கும் மாமா ஆசையாக வாங்கிவரும் ஆங்கிலப் பட டிவிடி மதுரையில் ஓடாது. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவதோடு அது நிலைத்துவிடும். நம் பக்கம் இது அவ்வளவாகக் கடிக்கவில்லை என்றால், ரிமோட்டில் சில எண்களைத் தட்டினால் எல்லா மண்டலங்களையும் ஓட்டும் மலிவான பிளேயர்கள் இங்கே தாராளமாகக் கிடைத்ததுதான் காரணம்.

4கே புளூரே வட்டுக்கு மண்டலம் கிடையாது, நல்லது. ஆனால் அதைக் கணினியில் முறைப்படி ஓட்ட இன்டெல் பிராசஸருக்குள் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி தேவைப்பட்டது. அந்த வசதியையே இன்டெல் தன் 11, 12ஆம் தலைமுறை கோர் பிராசஸர்களில் கைவிட்டுவிட்டது. பழைய கணினியில் ஓடிய அதே வட்டு, அதைவிட வேகமான புதிய கணினியில் ஓடாது. வட்டில் ஒரு கீறல் கூட இல்லை. பணம் கொடுத்து வாங்கிய அசல் வட்டு. இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒருபடி மேலே போனது 2005இல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் செய்த காரியம். அவர்கள் விற்ற சில இசை சிடிக்களை விண்டோஸ் கணினியில் போட்டால், பாட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் ஒரு மென்பொருள் உள்ளே இறங்கி, தன்னைத் தானே மறைத்துக்கொண்டது. மார்க் ரஸ்ஸினோவிச் என்ற கணினி நிபுணர் அந்த அக்டோபர் கடைசியில் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அது திறந்துவிட்ட மறைவிடத்தில் வைரஸ்களும் வந்து ஒளிந்துகொண்டன. வழக்குகள் வந்தன, சிடிக்களைத் திரும்பப் பெற்றார்கள். இணையத்தில் பாட்டைத் திருடியவரின் கணினி இதனால் கெடவில்லை. கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கியவரின் கணினிதான் கெட்டது.

பூட்டில்லாமல் விற்றால் தொழில் அழிந்துவிடும் என்பார்கள். இசையில் அதைச் செய்து பார்த்தாகிவிட்டது. 2007 பிப்ரவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், பூட்டில்லாமல் பாட்டு விற்க இசை நிறுவனங்கள் சம்மதிக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டில் இஎம்ஐ என்ற பெரிய இசை நிறுவனம் சம்மதித்தது. 2009இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையின் பாட்டுகள் எல்லாமே பூட்டில்லாமல் விற்பனைக்கு வந்தன. அன்று வாங்கிய பாட்டு இன்றும் எந்தக் கருவியிலும் பாடும். இசைத் தொழிலும் நடக்கிறது. படங்களுக்கும் மின்னூல்களுக்கும் ஏன் அந்த நாள் இன்னும் வரவில்லை என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மின்னூல்களைப் பற்றி இன்னொன்று. 2009இல் அமேசானின் கிண்டில் 2 என்ற மின்னூல் கருவி புத்தகத்தை உரக்க வாசிக்கும் வசதியோடு வந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. பதிப்பாளர் விரும்பினால் அந்த வசதியை நிறுத்திவைக்கலாம் என்று அமேசான் இறங்கிவந்தது. இழப்பு பார்வையற்ற வாசகருக்குத்தான். இந்த விஷயத்தில் நம் நாட்டைப் பாராட்ட வேண்டும்: பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை மாற்றுவடிவில் தர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா.

சட்டத்தையும் கேட்பீர்கள். 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு என்கிறது. இங்கே நோக்கம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் உடைப்பதற்கே தடை. விதிவிலக்குகளை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நம் சட்டம் அதைவிட நிதானமானது.

வாங்கும்போது நான் எதைப் பார்ப்பேன் என்றால், பாட்டைப் பூட்டில்லாத கோப்பாகவோ சிடியாகவோ வாங்குவேன். புத்தகத்தைப் பூட்டில்லாத இபப் என்ற மின்னூல் கோப்பாக விற்கும் பதிப்பாளர் இருந்தால் அவரிடம்தான் முதலில் போவேன். கிண்டிலில் வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கிக்கொள்ளும் வழியை அமேசான் 2025 பிப்ரவரியில் மூடிவிட்டது. அதனால் இப்போது இன்னும் யோசிக்கிறேன். பழந்தமிழ் நூல்களுக்கு 1998 முதல் தொண்டர்கள் உழைப்பில் நடக்கும் மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தளம் இருக்கவே இருக்கிறது. எந்தப் பூட்டும் கிடையாது. படத்துக்கு மட்டும் இன்றைக்கு நல்ல வழி குறைவு. ஆகவே 'வாங்க' என்ற விலைக்கும் 'வாடகை' என்ற விலைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வாடகைக்கே எடுங்கள்.

கேள்வி கேட்டவர் இன்று ஒரு வேலை செய்யுங்கள். டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவசச் செயலியைப் போட்டு, வைட்வைன் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். எல்3 என்று காட்டினால், பூட்லோடரை, அதாவது கைப்பேசியின் மென்பொருளைத் தொடங்கிவைக்கும் நிரலை, திறந்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். பல கைப்பேசிகளில் அதைத் திறந்த உடனே எல்1 போய்விடும். எல்1 என்று காட்டியும் படம் மங்கலாக இருந்தால், அந்த ஓடிடி நிறுவனம் உங்கள் கைப்பேசி மாதிரியைத் தன் பட்டியலில் சேர்க்காமல் இருக்கலாம். நெட்ஃபிளிக்ஸ் அப்படித் தனியாக ஒப்புதல் தருகிறது. அதன் செயலி அமைப்புகளில் அதிகபட்சத் தரம் என்ன என்று எழுதியிருக்கும். அந்த இரண்டு விவரங்களையும் கைப்பேசியின் மாதிரிப் பெயரோடு கீழே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.