மெத்தென்ற சீட்டை நம்பாதீர்கள்! விநாடிக்கு 5 ஆட்டம் உடம்பை என்ன செய்கிறது?

வண்டியில் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கண் சொருகுகிறதே, அதற்கு நேற்றுப் பார்த்த வெப் சீரிஸை மட்டும் குறை சொல்லாதீர்கள், சீட்டுக்கும் அதில் பங்கு உண்டு. 2018-இல் மெல்பர்னில் உள்ள ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 15 பேரை வண்டி ஓட்டும் சிமுலேட்டரில் உட்காரவைத்து, விநாடிக்கு 4 முதல் 7 தடவை வரை சீட்டை லேசாக அதிரவிட்டுப் பார்த்தார்கள். கால் மணி நேரத்திலேயே தூக்கக் கலக்கம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

[திரையில்: விநாடிக்கு 1 தடவை = 1 ஹெர்ட்ஸ்]

உட்கார்ந்திருக்கும் மனிதரை மேலும் கீழுமாக ஆட்டினால், சுமார் 5 ஹெர்ட்ஸில்தான் உடம்பு மிக அதிகமாகத் துள்ளும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே எகிறுமே, அதே கதைதான்: சீட் கொஞ்சம் ஆடும், மேலுடம்பு அதைவிட அதிகமாக ஆடும். உடம்புக்கு வரும் இப்படிப்பட்ட அதிர்வை அளந்து மதிப்பிட ஐஎஸ்ஓ 2631 என்று சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. இந்தப் பகுதி போரடிக்கும், ஓடிவிடலாம்.

இப்போது மெத்தைக்கு வருவோம், இதைத்தான் ரொம்ப நேரமாகச் சொல்லக் காத்திருக்கிறேன். ஃபோம் சீட்டில் ஆள் உட்கார்ந்ததும் அந்த ஜோடி சேர்ந்து ஆடும் வேகம் சுமார் 4 ஹெர்ட்ஸ். அதனால் என்ஜினின் கிர்ர்ர் என்ற வேகமான நடுக்கத்தை ஃபோம் நன்றாகவே விழுங்கிவிடும், நமக்கும் ஆஹா சொகுசு என்று தோன்றும், ஆனால் முதுகு வெறுக்கிற அந்த 4, 5 ஹெர்ட்ஸ் ஆட்டத்தை மட்டும் குறைப்பதற்குப் பதில் கூட்டிக் கொடுத்துவிடும்! லாரி, டிராக்டர்களில் வரும் ஏர் சஸ்பென்ஷன் சீட் 1 முதல் 2 ஹெர்ட்ஸில் ஆடும்படி செய்யப்பட்டிருப்பதால் 5 ஹெர்ட்ஸை அது உண்மையிலேயே குறைக்கும். ஆனால் அந்தச் சீட்டில் எடையைச் சரிசெய்யும் குமிழ் இருக்கும், அதை உங்கள் எடைக்கு ஏற்பத் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போது சீட் அடிமட்டம் வரை போய் டமால் என்று இடிக்கும். யார் திருப்புகிறார்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

எந்த வேகம் என்பதைப் பொறுத்துத் தொல்லையும் இடம் மாறும். 0.2 ஹெர்ட்ஸ் மாதிரி மெதுவான ஆட்டம் என்றால் குமட்டல்; கப்பலில் வருவது அதுதான். 12 ஹெர்ட்ஸ் என்றால் எழுத்தே படிக்க முடியாது, இதில் மாட்டிக்கொண்டது யார் தெரியுமா? நாசா! ஏரிஸ் 1 ராக்கெட்டின் திட எரிபொருள் என்ஜின் கிட்டத்தட்ட அந்த வேகத்தில் வீரர்களை உலுக்கும் என்று கணக்கில் தெரிந்தது. உயிர் போகிற நேரத்தில் திரையில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று தெரியாவிட்டால் எப்படி? ஆட்களை நாற்காலியில் படுக்கவைத்து உலுக்கிக்கொண்டே எண்களைப் படிக்கச் சொன்னார்கள், அப்புறம் ஒரு அட்டகாசமான குறுக்குவழி பிடித்தார்கள்: ஆளின் ஆட்டத்தை நிறுத்த முடியாது, சரி, திரையை அதே தாளத்தில் விட்டுவிட்டு ஒளிரச் செய்வோம். ஒவ்வொரு தடவையும் கண் ஒரே இடத்துக்கு வரும்போது மட்டும் திரை ஒளிர்வதால் எழுத்து நின்றபடி தெரியும். என்னைக் கேட்டால் இதற்கே ஒரு விருது கொடுக்கலாம். ராக்கெட்டைத்தான் 2010-இல் கைவிட்டுவிட்டார்கள்.

சரி, எப்படி உட்காருவது? 1999-இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் ஒருவரின் கீழ்முதுகு டிஸ்க்குக்குள்ளேயே, அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தைக்குள்ளேயே, அழுத்தமானி வைத்து அளந்தார்கள். நின்றால் 0.50 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), சும்மா உட்கார்ந்தால் 0.46, முன்னால் நன்றாகக் குனிந்து உட்கார்ந்தால் 0.83, சாய்மானத்தில் சரிந்து சோம்பேறியாகக் கிடந்தால் வெறும் 0.27! 'நிமிர்ந்து உட்கார்' என்று திட்டியவர்களுக்கு இந்த வீடியோவை அனுப்புங்கள். அளந்தது ஒரே ஒருவரிடம் என்பதையும் சேர்த்து அனுப்பினால் நியாயமாக இருக்கும். இன்னொரு சிக்கல், சாய்மானம் சுமையை வாங்கிக்கொண்டாலும் அதிர்வைத் தலைவரை கடத்தும், ஓடும் வண்டியில் தலையையும் முட்டுக் கொடுத்துப் படிக்க முயன்றவர்களுக்கு இது தெரியும்.

நீண்ட நேரம் ஓட்டிவிட்டு இறங்கியதும் பெட்டியைத் தூக்காதீர்கள், முதுகுத் தசைகள் களைத்துப்போயிருக்கும், இரண்டு நிமிடம் நடந்துவிட்டுத் தூக்குங்கள். பேருந்தில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் சீட்டில் குலுக்கல் குறைவு, கடைசி வரிசையில்தான் தூக்கித் தூக்கிப் போடும். இதெல்லாம் தெரிந்தும் கடைசி வரிசைக்கே முண்டியடிக்கிறவர்கள் கமெண்டில் வந்து உங்கள் தரப்பு நியாயத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள், லைக் பட்டனையும் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள்.