படம் எப்படி என்று பார்த்தவரைக் கேளுங்கள்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அறிஞர் பெருமக்களே, என் அணித் தோழர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் எடைபோடத் தகுதி மிக்கவர் விமர்சகரா, சாதாரணப் பார்வையாளரா என்பது இன்றைய தலைப்பு. பார்வையாளரே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், சாதாரணப் பார்வையாளருக்கு ஒளிப்பதிவு தெரியாது, படத்தொகுப்பு தெரியாது, "நல்லா இருந்துச்சு", "போர் அடிச்சுது" என்ற இரண்டைத் தவிர அவரிடம் சரக்கே கிடையாது என்று அழகாக அடுக்கிவிட்டுப் போய் அமர்ந்தார். அந்த அடுக்கை நான் கலைக்கப் போவதில்லை. அவருக்கு அவையெல்லாம் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். செருப்பைத் தைக்கத் தெரியாதவருக்கும் அது எங்கே கடிக்கிறது என்று தெரியும் அல்லவா?

முதலில் நம் தலைப்பின் நாயகரை நடுவர் அவர்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன். அவர் இந்த வாரம் ஒரு துப்பறியும் தொடரின் நான்கு பகுதிகளை ஒரே மூச்சில் பார்ப்பார். அடுத்த வாரம் ஒரு பேய்ப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஏற்கெனவே பலமுறை பார்த்த பழைய நகைச்சுவைப் படம் ஏதோ ஓர் அலைவரிசையில் ஓடுவதைக் கண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார். இவருக்கு யாரும் கூலி தருவதில்லை. நாளைக் காலைக்குள் எண்ணூறு சொற்களில் எழுதிக் கொடு என்று எந்த ஆசிரியரும் கேட்பதில்லை. விமர்சகர் பிடிக்காத படத்தையும் கடைசிவரை பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அது அவருடைய தொழில். நம்மவரோ பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். அப்படி எழுந்து போகும் உரிமை உள்ள ஒருவர் இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது, நடுவர் அவர்களே.

நம் முன்னோர் இந்த அளவுகோலை அறியாதவர்கள் அல்லர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்கிறது. உள்ளத்தில் எழுந்த உணர்வு உடம்பில் தெரிவதையே அந்த இயல் பேசுகிறது. "நல்லா இருந்துச்சு" என்று ஒருவர் சொல்லும்போது இந்த எட்டில் ஒன்று தமக்குள் நிகழ்ந்துவிட்டது என்றே சொல்கிறார். அது நிகழவில்லை என்று வாதிட்டு நிறுவ எந்தப் பேராசிரியராலும் முடியாது. நகைச்சுவைக் காட்சிக்குச் சிரித்துவிட்ட ஒருவரிடம், அந்தக் காட்சி சிரிப்புக்கு உரியது அன்று என்று மூன்று பத்தி எழுதிக் காட்டினால், அவர் மறுபடியும் சிரிப்பார், இம்முறை காரணம் வேறாக இருக்கும், அவ்வளவுதான்.

இனிச் சான்றுக்கு வருகிறேன். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'பானி அண்ட் கிளைட்' என்ற படம் வெளிவந்தது. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வங்கிகளைக் கொள்ளையடித்துத் திரிந்த ஓர் இணையின் கதை. 'நியூஸ்வீக்' இதழில் ஜோ மோர்கன்ஸ்டர்ன் என்ற விமர்சகர் அந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்துக்காகவே அவர் பெயரை இந்த மேடையில் சொல்கிறேன். அவர் சாதாரணத் திரையரங்கு ஒன்றில், சீட்டு வாங்கி வந்த கூட்டத்தின் நடுவே அமர்ந்து அதே படத்தை மீண்டும் பார்த்தார். பார்த்தது அதே படம்தான். ஒரு சட்டகம்கூட மாறவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்த நொடியில் இரத்தத்தைக் கண்டு உறைந்துபோனதையும், அப்படி உறையவைப்பதற்காகவே அந்தச் சிரிப்பு முன்கூட்டி வைக்கப்பட்டிருந்ததையும் அவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தார். அடுத்த வார இதழிலேயே, தாம் எழுதியது நியாயமற்றது என்று ஒப்புக்கொண்டு, அதே படத்துக்கு இரண்டாவது விமர்சனம் எழுதினார். எதிரணி நண்பர்கள் போற்றும் விமர்சகர் இனத்திலேயே மிக நேர்மையான செயல்களுள் ஒன்று அது என்று நான் கருதுகிறேன். அந்த நேர்மைக்கான பாடத்தை அவருக்கு எடுத்தவர்கள் யார்? பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள்!

அதே படத்தை 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் பாஸ்லி கிரௌதரும் சாடினார். ஒருமுறை அன்று, திரும்பத் திரும்பச் சாடினார். படத்துக்குப் பத்து ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. நெடுங்காலம் அந்த நாளிதழின் தலைமை விமர்சகராக இருந்த அவரோ 1968இல் அந்தப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. இதே கிரௌதர் 1960இல் 'சைக்கோ' வந்தபோது அதைப் பெரிதாக மதிக்காமல் எழுதிவிட்டு, மக்கள் வரிசையில் நின்று பார்த்த பிறகு, அந்த ஆண்டின் சிறந்த பத்துப் படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தவர். ஹிந்தியில் 1975இல் வந்த 'ஷோலே'வுக்கும் முதலில் கிடைத்தவை கசப்பான விமர்சனங்கள்தாம். படம் படுத்துவிட்டது என்று வணிக வட்டாரமே முடிவு கட்டியது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லத் தொடங்கினார்கள். மும்பையின் மினர்வா திரையரங்கில் அது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. அதன் வசனங்கள் மட்டுமே தனி இசைத்தட்டாக வெளிவந்தன. பாறைமேல் உட்கார்ந்து ஓரிரு சொற்களே பேசும் சாம்பா என்ற அடியாளைக்கூட மக்கள் பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறார்கள். திரைக்கதையின் இலக்கணம் தெரியாதவர்கள்தாம் அதன் மிகச் சிறிய பாத்திரத்தையும் மறக்காமல் காத்தார்கள் என்பதை எதிரணி குறித்துக்கொள்ள வேண்டும்.

விமர்சகர்களின் அளவுகோல் நிலையானது என்று சொன்னார்கள். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை உலக விமர்சகர்களிடம் வாக்கெடுத்து, மிகச் சிறந்த படம் எது என்று அறிவிக்கிறது. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்' முதலிடத்தில் இருந்தது. 2012இல் 'வெர்டிகோ' வந்தது. 2022இல் அதையும் இறக்கிவிட்டு 'ஜான் டீல்மன்' வந்தது. 'வெர்டிகோ' 1958இல் வெளியானபோது விமர்சகர்கள் அதைக் கலவையான மனத்தோடுதான் வரவேற்றார்கள். கருத்து மாறுவது குற்றம் அன்று, நடுவர் அவர்களே. ஆனால் நாளுக்கு நாள் மாறுவது பார்வையாளரின் மனம் மட்டும்தான் என்று இனி யாரும் இந்த மேடையில் சொல்லக் கூடாது.

தொடர்களின் பக்கம் வந்தால் எதிரணியின் நிலை இன்னும் பரிதாபம். ஒரு புதிய தொடர் வெளிவரும் நாளிலேயே விமர்சனமும் வந்துவிடுகிறதே, எப்படி? பெரும்பாலும் தொடக்கப் பகுதிகள் சிலவற்றை மட்டும் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். அவர்கள் அவற்றை வைத்து முழுத் தொடருக்கும் மதிப்பெண் இடுவார்கள். நம்மவரோ முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதிவரை, சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், கூடவே நடந்து வருகிறவர். யாருக்கு யார்மேல் என்ன பகை, எந்தக் கடிதம் யாரிடம் சிக்கியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இறுதிக் கட்டத்தில் கதை வழுக்கினால் அதை முதலில் உணர்பவரும் அவரே.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் கடைசிப் பருவத்தை இங்கே நினைவூட்டுகிறேன். 2019இல் அது வெளிவந்தபோது, தொடக்கப் பருவங்களில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதற்கே பல பகுதிகள் பிடித்தனவே, அந்தப் பயணத்தில்தானே பகையும் நட்பும் வளர்ந்தன, இப்போது ஒரே பகுதிக்குள் எல்லாரும் கண்டத்தைக் கடந்துவிடுகிறார்களே, மனம் மாறுவதற்கு நேரமே தராமல் பாத்திரங்களை மாற்றுகிறீர்களே என்று பார்வையாளர்கள் கேட்டார்கள். இதைவிடக் கூர்மையான திரைக்கதை விமர்சனம் ஒன்றை எதிரணியினர் எழுதிக் காட்டட்டும். நான்காம் பகுதியின் விருந்துக் காட்சியில், இடைக்காலத்தை ஒத்த கற்பனை உலகின் மேசைமேல் இக்காலத்துக் காப்பிக் கோப்பை ஒன்று நின்றது. இயக்குநர், படத்தொகுப்பாளர், காட்சித் தொடர்ச்சியைக் கவனிக்கும் பணியாளர் என்று எத்தனையோ தொழில்முறைக் கண்களைத் தாண்டி வந்த அந்தக் கோப்பையைப் பிடித்தவர்கள், வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள். தொடரை வெளியிட்ட நிறுவனம் பிறகு அதைக் கணினியால் அழித்தது. அதற்கு முந்தைய பகுதியின் இரவுப் போரில் திரை இருண்டு கிடந்தது, யார் யாரை வெட்டுகிறார் என்றே தெரியவில்லை என்று மக்கள் முறையிட்டபோது, உங்கள் தொலைக்காட்சியைச் சரியாக அமைத்துக்கொள்ள உங்களுக்குத் தெரியவில்லை என்ற பொருளில் ஒளிப்பதிவாளர் பதில் சொன்னார். வல்லுநர் தப்புச் செய்தால் பார்வையாளருக்குப் பார்க்கத் தெரியவில்லை! கடைசிப் பருவத்தை மீண்டும் எடுக்கக் கோரி பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு அந்தப் பருவத்துக்குச் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது கொடுக்கப்பட்டது. நீங்கள் மக்களோடு நிற்கிறீர்களா, விருதோடு நிற்கிறீர்களா என்பதை எதிரணியே சொல்லிவிடலாம்.

மக்கள் குப்பையின் பின்னால்தான் ஓடுவார்கள், சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' போன்ற படங்களை விமர்சகர்களே காப்பாற்றினார்கள் என்று எதிரணித் தலைவர் தம் முறையில் முழங்குவார் என்று எதிர்பார்க்கிறேன். முந்திக்கொண்டு பதில் சொல்கிறேன். 1955 ஆகஸ்டில் அந்தப் படம் கல்கத்தாவில் வெளியானபோது தொடக்கத்தில் கூட்டம் குறைவு. பார்த்தவர்கள் சொல்லக் கேட்டு ஓரிரு வாரங்களில் அரங்குகள் நிரம்பின. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் அதற்குப் பரிசு கிடைத்தது 1956இல்தான். பரிசு வருவதற்கு முன்பே மக்கள் சீட்டு வாங்க வரிசையில் நின்றுவிட்டார்கள்.

பார்வையாளர் எதையும் தவறவிடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' 1994இல் திரையரங்குகளில் போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்று ஒன்றுகூட வெல்லவுமில்லை. ஆனால் அதன் கதை அங்கே முடிந்துவிடவில்லை. ஒளிநாடாவிலும் தொலைக்காட்சியிலும் தற்செயலாக அதைக் கண்டவர்கள், அலைவரிசையை மாற்ற மனமில்லாமல் உட்கார்ந்தவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக அதை, பொதுமக்கள் படங்களுக்கு மதிப்பெண் இடும் ஐஎம்டிபி இணையத்தளத்தின் வாக்குப் பட்டியலில் முதலிடத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். பார்வையாளர் தாமதமாக வரலாம்; வந்துவிட்டால் எளிதில் எழுந்து போகமாட்டார். அதற்கு மாறாக, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற அமெரிக்க 'சைன்ஃபெல்ட்' நகைச்சுவைத் தொடரின் முன்னோட்டப் பகுதியைச் சோதனைப் பார்வையாளர்கள் கழித்துக்கட்டினார்களே என்று யாராவது எழுப்பலாம். உண்மைதான். அழைத்து வந்து உட்காரவைத்து, கையில் படிவத்தைக் கொடுத்து, குறை சொல் என்றால் சாதாரண மனிதரும் விமர்சகர் ஆகிவிடுகிறார். அந்தப் பழி எங்கள் அணிக்கு உரியது அன்று.

இன்னொரு குற்றச்சாட்டு கடுமையானது. படம் வெளிவரும் முன்பே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள், இவர்களையா நம்புவது என்று கேட்டார்கள். நியாயமான கவலை. விமர்சகர்களின் கருத்தையும் பொதுமக்களின் கருத்தையும் தொகுத்துத் தரும் 'ராட்டன் டொமேட்டோஸ்' இணையத்தளம் 2019இல், படம் வெளிவரும் முன் பொதுமக்கள் கருத்து எழுதும் வசதியையே நிறுத்திவிட்டது. ஆனால் படத்தைப் பார்க்காமலே திட்டுகிறவரை எப்படிப் பார்வையாளர் என்பது? அவர் வெறியர், யாருக்கோ விசிறி, யாருக்கோ பகைவர். எங்கள் பார்வையாளருக்கு நடிகர் மேல் விசுவாசமும் இல்லை, இயக்குநர் மேல் வஞ்சமும் இல்லை. எந்த அணியிலும் இல்லாத ஒரே ஆள் இந்தக் களத்தில் அவர்தான். அதே தளத்தில் விமர்சகர்களுக்கென்று தரப்படும் விழுக்காட்டையும் சற்று உற்றுப் பாருங்கள். அது சராசரி மதிப்பெண் அன்று; பரவாயில்லை என்ற அளவுக்காவது ஒப்புக்கொண்ட விமர்சகர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு மட்டுமே. எல்லா விமர்சகரும் "ஏதோ பார்க்கலாம்" என்று முணுமுணுத்தால் அந்தப் படத்துக்கு நூற்றுக்கு நூறு!

அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவரிடம் நடுவர் வழியாக ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அமர்கிறேன். கடைசியாக அவர் ஒரு தொடரைப் பார்க்கத் தொடங்கியது எந்த இதழின் எந்த விமர்சனத்தைப் படித்து? அல்லது "பாருங்க, விடவே முடியாது" என்று யாராவது ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டா? முதலில் அதற்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட்டு, அவர் தம் வாதத்தைத் தாராளமாகத் தொடங்கலாம். நன்றி, வணக்கம்.