முதலில் எதை?

நேயர்களுக்கு வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். வயது எழுபதுக்கு மேல், நாற்பது ஆண்டு பீடிப் பழக்கம். இடப்பக்கப் பெருங்குடலில் புற்றுநோய். அதற்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் இன்னொன்றும் தெரிந்தது. இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி 6 சென்டிமீட்டருக்கு உப்பியிருந்தது. இயல்பான அளவு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்தான்.

அவருடைய கையை எடுத்துத் தொப்புளுக்குச் சற்று மேலே வைத்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் விரல்கள் விலகி எழுந்தன. "மோட்டார் போட்டதும் நைந்த ஓஸ் புடைக்குமே, அது போலங்களா?" என்றார். அதேதான்.

"முதலில் புற்றை எடுத்துவிடுங்கள்" என்று மகன் கெஞ்சினார். புற்று என்ற சொல்லுக்கு அவ்வளவு அச்சம். ஆனால் உப்பிய தமனி வெடித்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரைத் தொட்டாலே சிகிச்சையைப் பற்றி யோசிக்கிறோம்.

இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று தோன்றும். வயிற்றைத் திறந்து தமனியில் செயற்கைக் குழாயைத் தைக்கும்போது குடலையும் வெட்டினால், குடல் கிருமிகள் அந்தக் குழாயில் குடியேறலாம். பிறகு அதை அகற்றுவது உயிரோடு விளையாடுவதுதான்.

1990இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் ஹுவான் பரோடி என்ற மருத்துவர் தொடை இடுக்கு வழியாகத் ஸ்டென்ட் என்ற, துணி போர்த்திய வலைக்குழாயைத் தமனிக்குள் செலுத்திக் காட்டினார். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். உடல் சீக்கிரம் தேறும். பெரியவருக்கு முதலில் அதையே செய்தோம். இரண்டு வாரம் கழித்துக் குடல் அறுவை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த ஸ்டென்ட், இடப்பக்கக் குடலுக்கு ரத்தம் தரும் ஒரு கிளையை மூடிவிடும். குடலை வெட்டி இணைப்பவருக்கு அது முன்பே தெரியாவிட்டால் இணைப்பு ஆறாமல் பிரியக்கூடும். அதனால்தான் ரத்தநாள மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்து அந்த ஸ்கேனைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன்.

எல்லோருக்கும் இதே வரிசை பொருந்தாது. குடல் அடைத்துக்கொண்டாலோ ரத்தம் நிற்காமல் போனாலோ புற்றுக்கே முதலிடம். தமனி வீக்கம் சிறியது என்றால் கண்காணித்தால் போதும். புற்று எங்கும் பரவிவிட்டவருக்குத் தமனியைத் தொடாமல் விடுவதும் உண்டு. அதைக் குடும்பத்தாரிடம் சொல்லும்போது எனக்குக் குரல் இறங்கிவிடும்.

வயிற்று ஸ்கேன் அறிக்கை வீட்டில் இருந்தால், அதில் பெருந்தமனியின் அளவு என்ன என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வீக்கம் உள்ளவருக்குத் திடீரென வயிறோ முதுகோ தாங்க முடியாமல் வலித்து மயக்கம் வந்தால், மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.