மனு பார்க்கப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

வேதாரண்யத்தில் இருப்பவர், திருச்சி மத்திய சிறையில் உள்ள மகனை மனு பார்க்க, அதாவது மனுக் கொடுத்து நேரில் சந்திக்க வேண்டுமென்றால் விடிவதற்குள் பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. நடவு நேரம் என்றால் கேட்கவே வேண்டாம், 'அடுத்த மாசம் பார்ப்போம்' என்று தள்ளிப்போகும். அதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உள்ளே இருப்பவருக்கு அது வேறு மாதிரிப் படும்.

நான் கைதிகளிடம் பேசப் போகும் மனநல ஆலோசகர். டெல்டாக்காரர் என்றால் ஜூன் மாதத்தில் முதல் கேள்வியே 'மேட்டூர் திறந்தாச்சாம்மா?' என்பதுதான். வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 கடந்தும் ஒருவர் மட்டும் அதைக் கேட்கவில்லை. சோறு தட்டிலேயே காய்ந்து கிடந்தது. தூக்கம் எப்படி என்றேன். "லாக்கப் ஆனதும் படுத்துடுவேன். எங்க வருது?" என்றார். அவர் தண்டனைக் கைதி இல்லை, விசாரணைக் கைதி. வாய்தா மேல் வாய்தா. மனைவி வந்தும் நாளாச்சு, கைவிட்டுவிட்டாள் என்றே முடிவு கட்டியிருந்தார். அந்த அம்மாவோ நாற்றங்காலில் நின்றிருக்கிறார்!

நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள்தாம். தண்டனைக்காவது நாள் எண்ணலாம். வாய்தாவை எப்படி எண்ணுவது? என்னைக் கேட்டால், ஆளை அரிப்பது பெரும்பாலும் இந்த நிச்சயமின்மைதான். போக முடியாவிட்டால் ஒரு கடிதமாவது போடுங்கள். மாடு கன்று போட்டது, பிள்ளைக்குப் பல் முளைத்தது, எதுவானாலும் சரி.

எல்லாம் பேச்சிலேயே தீராது, அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் குடித்தவர் உள்ளே போனதும் குடி சட்டென்று நின்றுவிடும். முதல் சில நாளில் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. திமிர் பண்ணுகிறான் என்று விட்டுவிடக் கூடாது. அவர் குடிப்பவர் என்பதை மறைக்காமல் சிறை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிட்டவர் என்றால் மருந்துச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநலச் சிகிச்சை நிலையம் இருக்க வேண்டும்.

வக்கீல் வைக்க வழியில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அப்புறம், வீட்டில் இருக்கும் உங்களுக்கே தூக்கம் போய்விட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.